சோலாரிஸ் 8 முதல் 11.4 வரை: பேட்ச் போட்ட அனுபவம்

சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் இயங்குதளமான சோலாரிஸ் ஓடும் சர்வருக்குப் பேட்ச், அதாவது பிழைதிருத்தம், போட வேண்டும் என்று சொன்னதும் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் டவுன்டைம் (சேவை நிற்கும் நேரம்) வேண்டும்?" நான் எனக்குள் கேட்டுக்கொள்வது வேறு: போட்டது சரிவரவில்லை என்றால் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? சோலாரிஸ் 8, 9, 10, 11 என நாலையும் வருடக்கணக்கில் பராமரித்தவன் என்ற முறையில் இந்த ஒன்றை வைத்துத்தான் அவற்றை எடைபோடுகிறேன். பேட்ச் போடும் கட்டளை எல்லாக் காலத்திலும் எளிதாகத்தான் இருந்தது. திரும்பி வரும் வழிதான் பதிப்புக்குப் பதிப்பு மாறியது.

புதிதாக வருபவர்களுக்காகப் பழைய முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சோலாரிஸ் 10 வரை ஒவ்வொரு பேட்சுக்கும் ஆறு இலக்க எண்ணும், கோடு போட்டு இரண்டு இலக்கத் திருத்த எண்ணும் உண்டு. 118833-36 என்றால் ஸ்பார்க் (சன்னின் சொந்தச் செயலி) இயந்திரங்களுக்கான சோலாரிஸ் 10 கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பேட்சின் 36-ஆம் திருத்தம். யூநேம் கட்டளையைக் கொடுத்தால் 'ஜெனரிக்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இந்த எண் வரும். அதைப் பார்த்தே அந்தப் பெட்டி எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். பாதுகாப்புக்கும் நிலைத்தன்மைக்கும் அவசியம் என்று சன் நிறுவனம் கருதிய பேட்சுகளை எல்லாம் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி, போட வேண்டிய வரிசையையும் சேர்த்துத் தந்தார்கள். அதற்குப் பெயர் 'ரெக்கமண்டட் கிளஸ்டர்'. ஜிப்பை விரித்து, உள்ளே இருக்கும் ஸ்கிரிப்டை ஓட்டினால் போதும்.

ஓட்டியதும் முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். 'இன்ஸ்டலேஷன் ஃபெயில்ட், ரிட்டர்ன் கோட் 2', 'ரிட்டர்ன் கோட் 8' என்று திரை நிறைய வரும். 2 என்றால் அந்தப் பேட்ச் ஏற்கெனவே இருக்கிறது. 8 என்றால் அது தொடும் மென்பொருள் இந்த இயந்திரத்தில் நிறுவப்படவே இல்லை. இரண்டுமே கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. 25 வந்தால் நிறுத்திப் பார்க்க வேண்டும், முன்தேவையான பேட்ச் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று பொருள். பிற்கால ஸ்கிரிப்டுகள் இதை நாகரிகமாகச் சொல்லக் கற்றுக்கொண்டன. ஆனால் அதற்குள் இந்த எண்கள் எங்கள் தலைமுறை நிர்வாகிகளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டன.

அந்தக் காலத்து ரோல்பேக், அதாவது பழைய நிலைக்குத் திரும்பும் வழி, பேட்ச்ஆர்எம் கட்டளை. பேட்ச் போடும்போது பழைய கோப்புகளைச் சுருக்கி 'வார்' (var) என்ற அடைவுக்குள் பத்திரப்படுத்தி வைக்கும்; நீக்கும்போது அதை விரித்துத் திருப்பி வைக்கும். ஒற்றைப் பேட்சுக்கு இது நன்றாக வேலை செய்யும். நூற்றுக்கணக்கில் போட்ட கிளஸ்டரை இப்படி ஒவ்வொன்றாகத் தலைகீழ் வரிசையில் கழற்றுவது காகிதத்தில் மட்டுமே சாத்தியம். இதில் வார் பகுதியில் இடம் போதாமல் போகும் தொல்லை வேறு. இடம் இல்லை என்று சொல்லி, பழைய கோப்புகளைச் சேமிக்காமல் போடும் 'மைனஸ் டி' தேர்வைக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது திரும்பும் பாலத்தை நாமே இடிப்பது. இடத்தைப் பெருக்க வேறு வழி தேடுங்கள்.

அதனால் பேட்ச்ஆர்எம்மை நம்பாமல் எல்லோரும் செய்தது கண்ணாடி உடைப்பு, அதாவது மிரரைப் பிரிப்பது. இயங்குதளம் இருக்கும் ரூட் வட்டு ஒரே மாதிரியான இரண்டு பிரதிகளாக மிரர் ஆகியிருக்கும். பேட்ச் போடுவதற்கு முன் ஒரு பிரதியை மெட்டாடிடாச் கொடுத்துப் பிரித்துவிட வேண்டும். மற்றதில் பேட்ச் போட்டு, இரண்டு நாள் ஓடவிட்டு, அப்புறம் மீண்டும் இணைக்க வேண்டும். சொதப்பினால் பிரித்து வைத்த வட்டிலிருந்து பூட் செய்யலாம். ஆனால் பிரித்த பாதி தனியாக எழுந்து நிற்க வேண்டும் என்றால் அதிலுள்ள விஎஃப்எஸ்டேப் கோப்பிலும் சிஸ்டம் கோப்பிலும் மிரர் பெயர்களை மாற்றி நேரடி வட்டுப் பெயர்களை எழுதியிருக்க வேண்டும். பிரித்தவர்கள் அதிகம், பிரித்ததிலிருந்து ஒருமுறை பூட் செய்து பார்த்துவிட்டுத் தொடங்கியவர்கள் குறைவு. எங்கள் குழுவில் அந்தச் சோதனை பூட் இல்லாமல் மாற்றக் கோரிக்கையில் கையெழுத்து விழாது.

அமெரிக்க வாடிக்கையாளரின் சனிக்கிழமை இரவு நமக்கு ஞாயிறு காலை. சிங்கிள் யூசர் மோடில் போடுங்கள் என்று பேட்சோடு வரும் ரீட்மி குறிப்பு சொல்லும், அதாவது நெட்வொர்க் வழி நுழைவு கிடையாது, சீரியல் கன்சோல் ஒன்றே கதி. கன்சோல் இணைப்பும் அதன் கடவுச்சொல்லும் வேலை செய்கின்றனவா என்று வெள்ளிக்கிழமையே பார்த்து வைப்பது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் தேடி யாரை எழுப்புவது?

சோலாரிஸ் 10 வந்தது 2005-இல். அதன் ஸோன்கள் (ஒரே இயந்திரத்துக்குள் தனித்தனிக் கணினிகள்போல் இயங்கும் பகுதிகள்) எல்லோருக்கும் பிடித்தன, பேட்ச் போடுகிறவர்களைத் தவிர. பிரதான ஸோனில் போட்ட பேட்ச் ஒவ்வொரு உள் ஸோனிலும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஸோன்கள் ஏற ஏற நேரமும் அதே கணக்கில் ஏறும். ஒரு ராத்திரிக்குள் முடியாத பெட்டிகளும் இருந்தன. பிற்பாடு பேட்ச் கருவிக்கே ஒரு பேட்ச் வந்தது, ஸ்பார்க்கில் 119254. அதற்குப் பிறகு பிடிஓ டாட் கான்ஃப் என்ற கோப்பில் ஒரே சமயத்தில் எத்தனை ஸோன்களில் போகலாம் என்று எண் கொடுக்க முடிந்தது. ஸோன்களைக் கழற்றி வைத்து, பிரதான ஸோனை மட்டும் பேட்ச் செய்து, திரும்ப மாட்டும்போது புதுப்பித்துக்கொள்ளச் சொல்லும் 'அட்டாச் மைனஸ் யு' 2008 அக்டோபர் வெளியீட்டில் வந்தது. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி.

120011-14 என்ற கெர்னல் பேட்சைப் பற்றி ஒரு வரி. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் அடித்தளக் கோப்புகளை அதிகமாக மாற்றுவதால், புதிய கோப்புகளை உடனே ஓடவிடாமல் பழையவற்றை மேலே லோஃப்எஸ் மவுண்ட்டால் (ஒரு கோப்பின் மேல் இன்னொன்றைப் பொருத்திக் காட்டும் வசதி) மூடி வைத்து, ரீபூட் ஆகும்போது நடைமுறைக்குக் கொண்டுவரும் உத்தி அதில் இருந்தது. மவுண்ட் பட்டியலைப் பார்த்தால் அறிமுகம் இல்லாத வரிகள் குவிந்து கிடக்கும். கைவைக்காமல் ரீபூட் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தலைவலிகளுக்கெல்லாம் பதில் லைவ் அப்கிரேடு. சோலாரிஸ் 8 காலத்திலேயே இருந்தும் ரொம்பப் பேர் தொடாமலே விட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் முழுப் பிரதி ஒன்றை லூக்ரியேட் கொண்டு உருவாக்கி, பேட்சுகளை அந்தப் பிரதியில் போட்டு, லூஆக்டிவேட் கொடுத்து ரீபூட் செய்தால் புதிய சூழலில் எழுந்திருக்கும். பேட்ச் போடும் மணிநேரம் முழுவதும் சர்வீஸ் ஓடிக்கொண்டே இருக்கும். டவுன்டைம் என்பது ஒரு ரீபூட் நேரம்தான். யுஎஃப்எஸ் என்ற பழைய கோப்பு முறைமையின் காலத்தில் இதற்குத் தனி வட்டோ பகுதியோ வேண்டும், நகலெடுக்கவே பொழுது போய்விடும். 2008 அக்டோபர் வெளியீட்டில் ரூட்டை இசட்எஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமையில் வைக்க முடிந்த பிறகு, ஸ்னாப்ஷாட் எடுத்துக் குளோன் செய்வதால் அதே வேலை நிமிடங்களில் முடிந்தது. என் அனுபவத்தில் சோலாரிஸ் பேட்ச் வரலாற்றில் உண்மையான திருப்பம் இதுதான்.

குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும். லைவ் அப்கிரேடு ஒழுங்காக வேலை செய்ய அதற்கே முதலில் பேட்ச் போட வேண்டும், ஸ்பார்க்கில் 121430. கட்டளைகளின் செய்திகள் நீளமாக வரும், பலர் படிக்காமல் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளக் கூடாத செய்தி ஒன்று இருக்கிறது. லூஆக்டிவேட் முடியும்போது, புதிய சூழல் எழாவிட்டால் பழையதற்குத் திரும்பும் படிகளை அந்த இயந்திரத்தின் வட்டுப் பெயர்களோடு அச்சிட்டுத் தரும். அதை அப்படியே மாற்றக் கோரிக்கைக்குள் ஒட்டிவிட்டுத்தான் ரீபூட் செய்ய வேண்டும், ஏனென்றால் ரீபூட் ஆனபின் அந்தத் திரை இருக்காது. ரீபூட்டும் 'இனிட் 6' கொடுத்துத்தான். 'ரீபூட்' என்று தட்டினால் அணைக்கும்போது ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகள் ஓடாமல் போய், எழும்போது பழைய சூழலே வந்து நிற்கும். பேட்ச் ஏறவில்லை என்று இரவில் தொலைபேசியில் அலறியவர்களில் பாதிப் பேருக்கு இதுவே காரணம்.

இன்னொன்று, பழைய சூழல் என்றைக்கும் புத்தம்புதிதாகவே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. புதியதில் ஒரு வாரம் ஓடிவிட்டு அப்புறம் திரும்பினால், இடையில் மாற்றிய பாஸ்வேர்டுகளும் கிரான் வேலைகளும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) அங்கே தானாக வந்து சேராது. டேட்டாபேஸ் கோப்புகளை ரூட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். அவற்றைத் தனிப் பூலுக்கு (இசட்எஃப்எஸ் வட்டுத் தொகுப்புக்கு) நகர்த்தாமல் இந்த வசதியைத் தொடவே வேண்டாம்.

'இவ்வளவு பாடுபட்டுப் பேட்ச் போட வேண்டுமா, நன்றாகத்தானே ஓடுகிறது' என்ற வாதத்தைப் பயன்பாட்டுக் குழுக்களிடம் சலிக்கும்வரை கேட்டாயிற்று. அப்போதெல்லாம் நான் எடுத்துக் காட்டுவது 2007 பிப்ரவரி. சோலாரிஸ் 10-இல் தொலைவிலிருந்து நுழைய உதவும் டெல்நெட்டில், பயனர் பெயருக்கு முன்னால் 'மைனஸ் எஃப்' சேர்த்துக் கொடுத்தால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடும் ஓட்டை வெளியானது. இதற்கு எந்த நிரலறிவும் வேண்டாம், ஒரே வரி போதும். முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கு கன்சோல் வழியாக மட்டுமே நுழையலாம் என்ற இயல்பமைப்பு பலரைக் காப்பாற்றியது, மற்றக் கணக்குகள் திறந்து கிடந்தன. வேடிக்கை என்னவென்றால், 1994-இல் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்து ஆர்லாகினில் வந்ததும் கிட்டத்தட்ட இதே ஓட்டைதான். சோலாரிஸ் ஓட்டைக்கான பேட்ச் 120068-02 மிகச் சிறியது, ரீபூட்கூட வேண்டாம். கிளஸ்டருக்காக மூன்று மாதம் காத்திராமல் சில பேட்சுகளை அன்றே போட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

எது விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் பயன்படுத்தியது பிசிஏ என்ற பெர்ல் ஸ்கிரிப்ட். சன் தயாரித்ததல்ல, ஒரு நிர்வாகி தன் தேவைக்காக எழுதிப் பகிர்ந்தது. இருக்கும் பேட்சுகளைச் சன் வெளியிட்ட பேட்ச்டயாக் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டதை வரிசையாகத் தரும். விரும்பினால் இறக்கிப் போட்டும் விடும். சன் தந்த வரைகலைப் புதுப்பிப்புக் கருவியை இதற்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது.

2010 ஜனவரியில் சன்னை ஆரக்கிள் வாங்கி முடித்த பிறகு பேட்சுகள் ஆதரவு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றானது. நிறுவனச் சர்வர்களுக்கு இதில் பெரிய மாற்றம் இல்லை. வீட்டில் பழைய ஸ்பார்க் பெட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர்கள் லினக்ஸ் பக்கம் போனார்கள், அவர்களோடு அடுத்த தலைமுறை நிர்வாகிகளும் போய்விட்டார்கள். 2022-இல் சொந்தப் பயன்பாட்டுக்கென்று 11.4-இன் சிபிஇ (காமன் பில்ட் என்விரான்மென்ட்) பதிப்பை இலவசமாக வெளியிட்டார்கள். வரவேற்கிறேன், பத்து வருடம் தாமதம்.

2011 நவம்பரில் வந்த சோலாரிஸ் 11-இல் பேட்ச் என்ற அலகே போய்விட்டது. பிகேஜி அப்டேட் என்ற ஒரே கட்டளை. மாதாமாதம் எஸ்ஆர்யு (சப்போர்ட் ரெபாசிட்டரி அப்டேட்) என்ற திருத்தத் தொகுப்பு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் வருவது ஆரக்கிளின் காலாண்டுப் பாதுகாப்பு வெளியீட்டோடு சேரும். லைவ் அப்கிரேடில் நாம் கையால் செய்ததை இது தானே செய்கிறது: புதிய பூட் சூழலை உருவாக்கி அதில்தான் புதுப்பிக்கும். பீஅட்ம் லிஸ்ட் கொடுத்தால் இப்போது ஓடுவதற்கு 'என்', அடுத்து எழப்போவதற்கு 'ஆர்' என்று காட்டும். எழாவிட்டால் ஸ்பார்க்கின் ஓகே பிராம்ப்டில் 'பூட் மைனஸ் எல்' கொடுத்துப் பழையதைத் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. அந்தப் பேட்ச் வேண்டும், இந்தப் பேட்ச் வேண்டாம் என்று பொறுக்கிச் சேர்த்து யாரும் சோதிக்காத ஒரு கலவையை ஓட்டும் பழக்கமும் இதோடு ஒழிந்தது. அந்தச் சுதந்திரம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

தொல்லை வேறு உருவில் வந்தது. கட்டுப்பாடுகளை நிறைவுசெய்யும் தீர்வு கிடைக்கவில்லை என்று பிகேஜி பல திரை நீளத்துக்குப் புலம்பும். பெரும்பாலும் பல சர்வர்களை ஒன்றாக இணைக்கும் கிளஸ்டர் மென்பொருளின் களஞ்சியம் சேர்க்கப்படாமல் இருக்கும், அல்லது ஏதோவொரு பொட்டலம் பழைய பதிப்பில் பூட்டப்பட்டிருக்கும். 'மைனஸ் என்வி' கொடுத்து முன்னோட்டம் பார்ப்பதை டவுன்டைமுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டால் இது நெருக்கடி ஆகாது. அப்புறம், பழைய பூட் சூழல்களை நீக்காமல் விட்டால் ரூட் இருக்கும் பூலான ஆர்பூல் நிறைந்துவிடும். நாங்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

2020 அக்டோபரில், உள்நுழைவைச் சரிபார்க்கும் பாம் (PAM) நூலகத்தில் ஓட்டை வந்தது: நீளமான பயனர் பெயர் ஒன்றால், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக, உள்நுழைவதற்கு முன்பே ரூட் ஆகலாம். தீவிர மதிப்பு பத்துக்குப் பத்து. 11.4 பெட்டிகளில் எஸ்ஆர்யு போட்டு ரீபூட் செய்ததோடு கதை முடிந்தது. சோலாரிஸ் 10 பெட்டிகளில் டவுன்டைம் கிடைக்கும்வரை எஸ்எஸ்ஹெச்டி அமைப்பில் 'சேலஞ்ச் ரெஸ்பான்ஸ்', 'கீபோர்டு இன்டராக்டிவ்' இரண்டையும் 'நோ' ஆக்கி வைத்தோம். சோலாரிஸ் 10-க்கான பிரீமியர் ஆதரவு 2018 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அப்படியும் சில வங்கிப் பயன்பாடுகள் அதை விட்டு நகர்வதாக இல்லை.

அவற்றைச் சோலாரிஸ் 11-க்குள் 'சோலாரிஸ் 10' பிராண்டட் ஸோன்களாக மாற்றிவிட்டோம். கெர்னல் மேலே உள்ள 11-உடையது. உள்ளே யூநேம் கேட்டால் 'ஜெனரிக் விர்ச்சுவல்' என்று வரும். பயன்பாட்டு நூலகங்களுக்கான பேட்சுகளை உள்ளே இன்றும் பழைய பேட்ச்ஆட் கட்டளை கொண்டுதான் போடுகிறோம், ஸோனை நிறுத்தி இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு. ரிட்டர்ன் கோட் 8 இப்போதும் வருகிறது.