பிரசங்கம் நெருடினால்: பாஸ்டரிடம் கேட்பதா, சபை மாறுவதா?

பிரசங்கத்தில் ஏதோ இடிக்கிறது என்றால் நம் சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் மூன்றில் ஒன்று நடக்கும்: வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் தாக்குவது, சத்தமில்லாமல் சபை மாறுவது, பாஸ்டரிடமே போய்க் கேட்பது. நான் கேட்டவன். அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பை நீட்ட வேண்டாம். துண்டு வீடியோவை வைத்து ஒருவரைக் கள்ளத் தீர்க்கதரிசி என்பவர் முழுப் பிரசங்கத்தையும் கேட்டிருக்க மாட்டார்.

சபை மாறுவது நிம்மதி தரும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் போன பிறகும் அந்தப் போதனை அங்கேயேதான் இருக்கும், உங்கள் சித்தியும் அங்கேயேதான் உட்கார்ந்து கேட்பார்.

எனக்கு இடித்தது எரேமியா 29:11, உங்கள்மேல் என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று தேவன் சொல்லும் வசனம். புத்தாண்டு வாக்குத்தத்தமாக, இந்த வருஷமே வேலை உயர்வு, புது வீடு என்று பிரசங்கித்தார்கள். பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனமே எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறது. கேட்டவர்களில் பலர் திரும்பி வராமலே இறந்திருப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பாஸ்டரை வாசலில் பிடிக்காமல், நேரம் கேட்டுப் போய், அதிகாரத்தை முழுதாக வாசித்தோம். எல்லாவற்றையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வேதபாடக் கூட்டத்தில் அந்த அதிகாரத்தையே எடுத்துக்கொண்டார்.

நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: கேள்வி கேட்டதும் அவர் வேதத்தைத் திறக்கிறாரா, இல்லை ‘அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே’ என்கிறாரா? அந்தச் சங்கீதம் 105:15, ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபை ராஜாக்கள் ஒடுக்காதபடி தேவன் காத்ததைச் சொல்கிறது. மேடைக்குப் போட்ட வேலி அல்ல அது. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் பாராட்டுகிறது. திறக்கிற பாஸ்டரிடம் பத்து கருத்து வேறுபாடு இருந்தாலும் நான் இருப்பேன். திறக்காதவரிடம் பிரசங்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இருக்க மாட்டேன்.

எல்லாத் தவறும் ஒரே எடை அல்ல. அப்பொல்லோ என்ற போதகருக்கு யோவானின் ஞானஸ்நானம் மட்டுமே தெரிந்திருந்தது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தனியே அழைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிடுவதை விட்டு விலகியதும் மற்றவர்களும் இழுபட்டார்கள். பவுல் எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார். இயேசு மாம்சத்தில், மனிதனாக, வந்ததையே ஒருவர் மறுத்தால் பேச்சுவார்த்தைக்கு என்ன இருக்கிறது?

இன்னொன்று. ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை போன்ற இடங்களில் பாஸ்டருக்கு மேல் பேராயர் உண்டு. பேச்சு முட்டினால் போக ஒரு படி இருக்கிறது. பாஸ்டரே நிறுவி அவரே நடத்தும் சுயாதீன சபையில் என் வழி எவ்வளவு தூரம் செல்லும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் அங்கே இருந்ததில்லை. காணிக்கைக் கணக்கைக் கேட்டாலே முகம் மாறுகிறது என்றால், தனியாகப் போகாதீர்கள். மூப்பர்மேல், அதாவது சபையை நடத்துபவர்மேல், குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்வது அவரைக் காப்பாற்ற. கேட்கப் போகிற உங்களுக்கும் அதுவே துணை.