கிளவுஸ் கழற்றாமல் எக்ஸ்ரே புரட்டும் கருவி: மூன்று வருடம் கழித்து

"விலை இறங்கியிருக்குக்கா, வாங்கலாமா?" என்று, கையசைத்தால் திரையில் எக்ஸ்ரேயைப் புரட்டும் கருவியைப் பற்றிக் கல்லூரி ஜூனியர் கேட்டாள். அந்த வாரம்தான் என்னுடையதற்கு யூஎஸ்பி கேபிள் போய் மாற்றியிருந்தேன். கோபம் ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள்.

2011-இல் டொரோண்டோவின் சன்னிப்ரூக் மருத்துவமனையில் அறுவை மருத்துவர்கள் கினெக்ட் (வீடியோ கேமுக்காக வந்த, உடலசைவை உணரும் கேமரா) முன்னால் கையசைத்து ஸ்கேன் படங்களைப் புரட்டினார்கள். அந்தச் செய்தி அப்போதே மனதில் ஒட்டிக்கொண்டது. பல் கிளினிக்கிலும் அதே தொல்லைதானே? ரூட் கேனால் நடுவில், வேருக்குள் விட்டுச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற ஃபைலின் நுனி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்; நோயாளியின் வாயில் இருந்த கையோடு மவுஸைத் தொடக்கூடாது. மானிட்டருக்குக் கீழே விரல் நீளத்தில் இருக்கும் இந்தக் கருவி அந்த வேலையை அழகாகச் செய்கிறது.

எரிச்சல் ஒன்றே ஒன்று, ஆனால் தினமும். எனக்குக் கையை ஆட்டாமல் பேச வராது. "இதோ பாருங்கம்மா, வேர் நுனியில கறுப்பா தெரியுதில்ல" என்று கை நீட்டினால் படம் தாவிவிடும். போன மாதம் ஒரு பாட்டி, "ஏங்கண்ணு, இது அந்தப் பல்லு மாதிரி தெரியலயே" என்றார். அசடு வழியத் திருப்பினேன். இரண்டு படம் பின்னால் போய் நின்றது. பேசும் கையும் புரட்டும் கையும் அதற்கு ஒன்றுதான். உணர்திறனைக் குறைத்தாலோ, நிற்காத பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி மூன்று முறை வீச வேண்டும். இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முகவாயால் சுட்டிக்காட்டுகிறேன். மாஸ்க் வேறு.

விரல் விரித்துப் பெரிதாக்குவதை இரண்டாம் மாதமே விட்டுவிட்டேன். பல் டாக்டரின் தோளுக்கு ஏற்கெனவே இருக்கிற வலி போதும். அகச்சிவப்புக் கேமரா என்பதால் மேற்கு ஜன்னல் வெயில் விழுந்தால் கை தெரியாமல் தடுமாறும். திரை போட்டேன், சரியாயிற்று.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். கேபிள் செத்துக்கிடந்த நான்கு நாளில் முதலில் உதவியாளர்தான் சக்ஷனை வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தார். "அடுத்தது... இல்லம்மா, அதுக்கு முந்தினது" என்று நான், வாயைத் திறந்தபடி நோயாளி. மூன்றாம் நாள் பொறுக்காமல் நானே கிளவுஸைக் கழற்றிக் கழற்றிப் போட்டேன். பாதிப் பெட்டி காலி.

ஜூனியருக்கு, "வேண்டாம்டி, படம் புரட்டக் கால் பெடல் வாங்கிக்கோ" என்று பதில் போட்டுவிட்டேன். எனக்கு மட்டும் கேபிள் இன்னொன்று வாங்கி டிராயரில் வைத்திருக்கிறேன்.