டிக்கெட்டைக் குறைப்பதா, காருக்குக் காசு வாங்குவதா?

சீசனில் நீலகிரி மலைப்பாதையில், பர்லியாறில் பஸ் நின்றால் நின்றதுதான். குன்னூர் டீக்கடையில் வர்க்கியை நனைத்துக்கொண்டே எங்களுக்குள் நடக்கும் சண்டை இது: பஸ் கட்டணத்தைக் குறைக்கணுமா, மேலே ஏறும் காருக்குக் கட்டணம் போடணுமா? இரண்டையும் லண்டனில் ஒரே ஆள் செய்து பார்த்துவிட்டார். வாய்க்குப் பூட்டுப் போடாத இடதுசாரி, கென் லிவிங்ஸ்டன்.

செலவு:
1981, லண்டன் பெருநகர கவுன்சில் தலைவர்: டிக்கெட் விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைப்பு. பணம் உள்ளூர் வரியிலிருந்து.
2003, மேயர்: நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு நாளுக்கு 5 பவுண்டு. வசூல் போக்குவரத்துக்கே.

ஆயுள்:
முதலாவது சில மாதம்தான். டியூப் (சுரங்க) ரயிலே இல்லாத பிராம்லி என்ற புறநகர்ப் பகுதியின் நிர்வாகம், நாங்கள் ஏன் கட்டணும் என்று கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது. 1982-ல் டிக்கெட் விலை இரட்டிப்பானது. 1986-ல் தாட்சர் அரசு கவுன்சிலையே கலைத்துவிட்டது.
இரண்டாவது, 2008-ல் அவர் போரிஸ் ஜான்சனிடம் தோற்ற பிறகும் நிற்கிறது. (2000-ல் சொந்தக் கட்சி சீட் தராமல், சுயேச்சையாக நின்று மேயரானவர்!)

சுலபம்:
அங்கே நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா. இங்கே மலையடிவாரக் கல்லாறில் இ-பாஸ் (நீலகிரிக்குள் வர வண்டிக்கு வாங்கும் அனுமதி) சோதனை ஏற்கெனவே நடக்கிறது.

மஞ்சூரிலிருந்து தினம் வேலைக்கு வருபவருக்கு டிக்கெட் குறைப்புதான் உதவும். மே மாத நெரிசலுக்குக் கார் கட்டணம். ஆனால் லண்டனில் பஸ்ஸையும் கூட்டினார்கள், கட்டண மண்டலத்துக்குள் குடியிருப்பவருக்கு 90 சதவீதம் தள்ளுபடியும் கொடுத்தார்கள். அதில்லாமல் இங்கே கொண்டுவந்தால் நானே எதிர்ப்பேன்.