கால் ரத்த ஓட்டப் பரிசோதனை: அப்பாவைக் கூட்டிப்போன கிளினிக் எப்படி?

வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். வயசுக் கோளாறு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

படுக்கவைத்து, இரண்டு கைகளிலும் கணுக்கால்களிலும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கட்டி, ஜெல் தடவி, பேனா போன்ற டாப்ளர் கருவியால் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கிறார்கள். கையில் பளிச்சென்று கேட்ட சத்தம் இடது பாதத்தில் மெலிந்து போயிருந்தது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் கால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம், அப்பாவுக்கு 0.7. சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாயில் சுண்ணாம்புச் சத்து படிந்து 1.4-க்கு மேலேகூடக் காட்டும், அதை நம்பாமல் கால் கட்டைவிரல் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று சோதனை செய்த அக்கா பொறுமையாக விளக்கினார். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு எதையும் விடவில்லை. சோதனையில் வலியே கிடையாது.

குறை என்றால் காத்திருப்புதான். கால் வலியோடு வருகிறவர்களுக்கு நாலு நாற்காலி கூடுதலாகப் போடக்கூடாதா? ரிப்போர்ட்டும் ஆங்கிலத்தில் மட்டும்தான்.

அப்புறம் ஒன்று. விரல் கறுத்தாலோ, புண் நாறினாலோ, படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ இந்தச் சோதனைக்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ரத்தநாள அறுவை சிகிச்சை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், சுடுவது தெரியாமல் வெந்துவிடும்.