லாரி ஆபீசுக்கு எந்த இலவச மெயில்? செங்கோட்டையிலிருந்து சில வருட அனுபவம்

செங்கோட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறேன். புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் வரை லோடு போகும். 2018 ஏப்ரலில் சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டான இ-வே பில் வந்த பிறகு பில் காப்பி, ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாமே மெயிலில்தான் வருகின்றன. எந்த இலவச மெயில் நல்லது என்று கேட்பவர்கள் முதலில் எத்தனை ஜிபி என்றுதான் விசாரிக்கிறார்கள். கணக்கு பூட்டிக்கொண்டால் திரும்ப உள்ளே போக வழி உண்டா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

காரணம் இருக்கிறது. கேரளாவில் புனலூரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு மெயில் கணக்கு வைத்திருந்தேன். அதற்குக் கொடுத்தது கேரளா சிம் நம்பர். ஊர் திரும்பியதும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டேன். நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. புது போன் வாங்கிய அன்று பாஸ்வேர்டு நினைவில்லை, ஓடிபி அந்த நம்பருக்குப் போகிறது. அழைத்துப் பார்த்தேன். ஒரு சேச்சி எடுத்தார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெரியாத ஆளுக்கு ஓடிபி சொல்ல மாட்டேன் என்றார். அவர் செய்ததுதான் சரி. நான்கு வருட வாடகை ரசீதுகள் அதோடு போயின.

அப்புறம் ஜிமெயில். இன்றுவரை ஆபீசுக்கு இதுதான். 15 ஜிபி தாராளம் என்று தோன்றும், ஆனால் அது மெயிலுக்கு மட்டும் இல்லை. டிரைவ், போட்டோஸ் எல்லாம் அதற்குள்தான். 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்களும் இந்த 15 ஜிபியில் சேர்கின்றன. இடம் நிறைந்தால் மெயில் வருவதும் போவதும் நின்றுவிடும். அதனால் வீட்டுப் படங்களை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டேன். ஒரு மெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது, டிரைவ் லிங்க்தான் போகும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஐமேப் (வேறு மெயில் மென்பொருளோடு கணக்கை இணைக்கும் வசதி) வழியாக எல்லா மெயிலையும் தண்டர்பேர்டு என்ற மென்பொருளில் இறக்கி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைக்க முடிவது. ஒன்று கவனியுங்கள்: இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை அவர்கள் நீக்கலாம்.

சொந்த டொமைனில் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் நம் சொந்தப் பெயர்) ஆபீஸ் பெயரில் முகவரி வேண்டும் என்பவர்களுக்கு ஜோஹோ. நம்ம தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனிதான். இலவசத் திட்டத்தில் ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி, விளம்பரம் கிடையாது. ஆனால் அந்தத் திட்டத்தில் ஐமேப் இல்லை, அதுபோல மெயிலை இறக்க உதவும் பாப் வசதியும் இல்லை. பிரவுசர் அல்லது அவர்களுடைய ஆப்தான். டொமைனுக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். அது தவறினால் முகவரியும் போய்விடும்.

புரோட்டான் மெயிலை ஆறு மாதம் பார்த்தேன். சுவிட்சர்லாந்து கம்பெனி, இலவசமாக 1 ஜிபி. சேமித்த மெயிலை அவர்களாலேயே படிக்க முடியாதபடி பூட்டி வைப்பார்கள். ஆனால் கணக்கை மீட்க அவர்கள் தரும் சொற்களின் வரிசையான மீட்புச் சொற்றொடரை எழுதி வைக்காமல் பாஸ்வேர்டை மறந்து மாற்றினால், பழைய மெயில்கள் நமக்கும் திறக்காது. ரகசியம் முக்கியம் என்பவர்களுக்கு அருமையானது. தினம் பத்து டிரைவர்களின் பேப்பரைத் தேடும் என் வேலைக்கு ஒத்துவரவில்லை.

இப்போது ஜிமெயிலின் மீட்பு நம்பர் என் மனைவியுடையது. இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கு (பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்பது) கொடுக்கும், ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் செல்லும் பத்து பேக்அப் கோடுகளையும் பிரிண்ட் எடுத்து, பர்மிட் காப்பிகள் இருக்கும் பச்சை பைலில் வைத்திருக்கிறேன். ஒன்றைப் பயன்படுத்தினால் உடனே பேனாவால் அடித்துவிடுவேன். இதுவரை இரண்டு அடித்திருக்கிறேன்.