எக்ஸ்ரெஃப் கலர் பஞ்சாயத்து: செட்பைலேயரா, எக்ஸ்ரெஃப்ஓவர்ரைடா?

ஆர்க்கிடெக்ட் பிளானை ஆட்டோகேட்ல எக்ஸ்ரெஃபா (வேற ஃபைலை நம்ம டிராயிங்ல இணைப்பா மட்டும் காட்டுறது) இழுத்து அதுக்கு மேல டக்ட், பைப், கேபிள் ட்ரே போடுறவங்களுக்கு இது தினசரி தலைவலி. நம்ம லைன் பளிச்னு தெரியணும்னா பின்னால இருக்குற சுவரு, கதவு, ஃபர்னிச்சர் எல்லாம் சாம்பலுக்குப் போகணும், கலர் 8 இல்லன்னா 252ன்னு வச்சுக்கோங்க. லேயர் மேனேஜர்ல எக்ஸ்ரெஃப் லேயர்களை மொத்தமா செலக்ட் பண்ணி கலர் மாத்தினா முக்கால்வாசி மாறிடும், மிச்சம் மட்டும் சிவப்பும் மஞ்சளுமா அப்படியே நிக்கும். அதெல்லாம் பைலேயர்ல (லேயரோட கலரையே எடுத்துக்குற செட்டிங்) இல்ல, ஆப்ஜெக்ட்லயே கலர் கொடுத்து வரைஞ்சது. சந்தேகமா இருந்தா எக்ஸ்லிஸ்ட் கமாண்ட் போட்டு அந்தக் கோட்டை கிளிக் பண்ணுங்க, எந்த லேயர், என்ன கலர்னு காட்டிடும்.

இங்கதான் ரெண்டு வழி. பழைய வழி செட்பைலேயர், எல்லாத்தையும் பைலேயர் ஆக்குற கமாண்ட், ஆட்டோகேட் 2008லயே வந்துருச்சு. சோர்ஸ் ஃபைலைத் திறந்து எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, பிளாக்கையும் சேர்த்துக்கவான்னு கேக்குறப்ப யெஸ் சொன்னா உள்ள இருக்குறதும் மாறிடும் (லாக் ஆன லேயர்ல இருக்குறதை மட்டும் விட்டுடும், முதல்ல அன்லாக் பண்ணிக்கோங்க). சுத்தமான வேலைதான், ஆனா ஃபைல் உங்களோடதா இருக்கணும். அடுத்தவங்க ஃபைல்ல பண்ணினா அடுத்த ரிவிஷன் வந்ததும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், அதோட சிடிபில (பிரிண்ட் ஸ்டைல் ஃபைல்) கலரை வச்சு லைன்வெயிட், அதாவது கோட்டோட தடிமன், முடிவாகுற ஆபீஸ்னா ஒரே லேயர்ல சிவப்பு மெல்லிசு, மஞ்சள் தடிப்புன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க, நீங்க எல்லாத்தையும் பைலேயர் ஆக்கினா அந்த வித்தியாசமே போச்சு, அந்த ஃபைல் தப்பித்தவறி அவங்க கைக்குத் திரும்பப் போனா சும்மா விடுவாங்களா?

எக்ஸ்ரெஃப்ஓவர்ரைடு அப்படி இல்ல. இது ஒரு செட்டிங், ஹோஸ்ட் டிராயிங்ல (எக்ஸ்ரெஃபை இழுத்து வச்சிருக்குற நம்ம டிராயிங்) 1ன்னு வச்சா போதும், எக்ஸ்ரெஃப்ல வர்றதெல்லாம் பைலேயர் மாதிரியே காட்டும், சோர்ஸ் ஃபைலைத் தொடவே வேணாம், புது ரிவிஷன் வந்தாலும் கவலை இல்ல. ஆனா இந்த ஒரு எக்ஸ்ரெஃப்க்கு மட்டும்னு பிரிச்சுக் கொடுக்க முடியாது, ஸ்ட்ரக்சுரல் ஃபைலும் சேர்ந்தே மாறும். இன்னொன்னு, மாறுறது கலர் மட்டும் இல்ல, லைன்டைப்பும்தான். மேல போற பீமை டேஷ் லைனா ஆப்ஜெக்ட்லயே கொடுத்திருந்தா அது முழுக்கோடா மாறி சுவரு மாதிரி தெரியும், டக்ட் ரூட் பாக்குறவன் ஏமாந்துருவான். அதனால 1 போட்டதும் பீம் இருக்குற இடத்தை மட்டும் ஒரு தடவை பாத்துருங்க.

என் சாய்ஸ், வெளியாள் ஃபைல்னா எக்ஸ்ரெஃப்ஓவர்ரைடு, நம்ம ஆபீஸ் ஃபைல்னா செட்பைலேயர்.

மத்ததெல்லாம் இதுக்கு மாற்று இல்ல. எக்ஸ்ரெஃபை மங்கலாக்குற ஃபேட் செட்டிங்கை ஏத்தினா ஸ்கிரீன்ல மங்கலாகும், பிரிண்ட்ல முழுசா வந்து நிக்கும். சிடிபில சிவப்புக்கு ஸ்கிரீனிங் (பிரிண்ட்ல மை அடர்த்தி) குறைச்சா உங்க சிவப்பு ஸ்பிரிங்க்ளர் பைப்பும் சேர்ந்து மங்கிரும், ட்ரூ கலர்ல (நம்பர் கலர் இல்லாம ஆர்ஜிபில கொடுத்தது) வரைஞ்சதை சிடிபி கண்டுக்கவே கண்டுக்காது. வியூபோர்ட் கலர் (ஷீட்ல இருக்குற ஒவ்வொரு வியூபோர்ட்டுக்கும் தனித்தனியா லேயர் கலர் கொடுக்குறது) நல்ல விஷயம், ஒரே பிளான் ஒரு ஷீட்ல சாம்பலும் இன்னொரு ஷீட்ல கறுப்புமா வேணும்னா அதான் வழி, ஆனா அதுவும் பைலேயர் ஆனதைத்தான் மாத்தும்.

எந்த வழில போனாலும் விஸ்ரீடெய்ன்ங்குற செட்டிங் 1ல இருக்கான்னு பாருங்க, 0ன்னா ரீலோட் பண்ணினதும் நீங்க மாத்தின லேயர் கலர் எல்லாம் போயிரும். 1ல இருந்தாலும் புது ரிவிஷன்ல புதுசா சேர்ந்த லேயர் அதோட சொந்தக் கலர்லதான் வரும், அதை மட்டும் ஒவ்வொரு தடவையும் நீங்கதான் தேடிப் பிடிச்சு 252 போடணும்.