போத்தலா, போனா?

நாலு வழி இருக்கிறது. நாலையும் கடந்த இரண்டு வருசத்தில் செய்து பார்த்துவிட்டேன்: குருவி எண்ணுவது, கண்ணில் பட்ட உயிரையெல்லாம் படம் பிடித்து ஏற்றுவது, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஆய்வாளர்களுக்குக் கைகொடுப்பது, மழை அளப்பது. மக்கள் அறிவியல் என்று பொதுப் பேர். விஞ்ஞானியால் எல்லா மலைக்கும் வரமுடியாது, அங்கேயே இருக்கிறவர் பார்த்துச் சொல்லட்டும் என்பதுதான் நாலுக்கும் அடிப்படை. இலங்கையில் ஊவாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்துகொண்டு ஒப்பிடுகிறேன். வீட்டுக்கு ஒரு போன், மாசத்தில் 20ஆம் தேதி தாண்டினால் டேட்டா இழுபறி. இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குருவியில் தொடங்குகிறேன். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற இணையத் திட்டம்தான் இதில் பெரியது. ஓர் இடத்தில் நின்று, எத்தனை நிமிசம் நின்றேன், எந்தக் குருவி எத்தனை என்று பட்டியல் போட வேண்டும். முடிவில் ஒரு கேள்வி வரும்: கண்டு அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினீர்களா? 'ஆம்' என்றால் அந்தப் பட்டியலின் மதிப்பே வேறு. எழுதாத குருவி அன்றைக்கு அங்கே தட்டுப்படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ளலாம். 'இல்லை' என்பதும் ஒரு தகவலாகிவிடுகிறது.

நம் ஊருக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பதற்கு ஆறுமணிக் குருவி போதும். பனிக்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து, வெயில் ஏறும்போது திரும்பிப் போய்விடும். விடியலிலும் பொழுது சாயும்போதும் கூப்பிடுவதால்தான் அந்தப் பேர். முதல் கூப்பாடு என்றைக்குக் கேட்டது என்று லயத்துப் பின்னால் நின்று வருசா வருசம் குறித்து வைத்தாலே பெறுமதியான தகவல். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குத் தொலைநோக்கியோடு வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, அங்கே நூறாவது பட்டியல் போடுவதைவிட ஒருவரும் எட்டிப் பார்க்காத தேயிலை மலை ஓரத்தில் போடும் முதல் பட்டியல் உசத்தி. போன் ஆப்புக்குத் தேவையானதை முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். குறை ஒன்றுதான், குருவியின் பேர் தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சின்னக் குருவிகள் எல்லாம் இன்னும் ஒரே குருவிதான்.

பேர் தெரியாதவர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட். 2008இல் கலிஃபோர்னியாவில் மாணவர்கள் சிலரின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. படம், தேதி, இடம் மூன்றையும் ஏற்றினால் என்னவாக இருக்கலாம் என்று கம்ப்யூட்டரே ஊகம் சொல்லும், பிறகு ஆட்கள் வந்து திருத்துவார்கள். பேர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் ஆய்வுத்தரம் கிடைக்கும். காட்டோரத்தில் பாசி பிடித்த கொப்பொன்றில் மூக்கு நுனியில் ஒற்றைக் கொம்போடு ஓர் ஓணான். அசையவே இல்லை, நாலு படம் எடுத்த பிறகுதான் ஒரு கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தது. இலங்கை மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஓணான் அது என்று அன்றைக்கு ராத்திரிதான் தெரிந்துகொண்டேன். அதுவரை எனக்கு அது வெறும் கரட்டான்.

ஆனால் இந்த வழியில் கண்டது மட்டும்தான் பதிவாகும், காணாதது பதிவாகாது. அழகானதைத்தான் படம் பிடிப்போம், ஹோர்ட்டன் சமவெளியில் பரவிக் கிடக்கும் மஞ்சள் பூ முட்செடியான கோர்ஸை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய அந்தச் செடி எங்கே எட்டியிருக்கிறது என்பதுதான் உண்மையில் தெரிய வேண்டியது. இன்னொன்று, இப்படி அரிதான ஓணான்களைக் கடத்தி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இடத்தை மறைக்கும் வசதியைத் தட்டிவிட்டால் சரியான புள்ளி பொதுவில் தெரியாது, சுமார் 20 கிலோமீற்றர் சதுரத்துக்குள் எங்கோ ஒன்று என்றுதான் காட்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பதிவு தேவைப்படாத சீக் என்ற ஆப் நல்லது, ஆனால் அதில் பார்த்தது தானாக ஆய்வாளரிடம் போகாது.

மூன்றாவது ஸூனிவர்ஸ், ஆய்வாளர்கள் ஏற்றிவைக்கும் படங்களையும் தாள்களையும் பார்த்து விவரம் எழுதிக்கொடுக்கும் இணையதளம். வெளியே போகத் தேவையில்லை, அதனாலேயே மழைக்காலத்துக்கு ஏற்றது. 2020 மார்ச்சில் இதன் வழியாகத்தான் பிரித்தானியாவில் பழைய மழைப் பதிவுத் தாள்கள் சுமார் 66,000ஐ ஏறத்தாழ 16,000 பேர் சேர்ந்து 16 நாளில் கணினியில் ஏற்றிவிட்டார்கள். வாசித்தபோது அப்பா ஞாபகம்தான் வந்தது. தோட்டத்து ஆபிசில் கிளார்க்காக இருந்தவர், காலையில் செம்பு மழைமானியைத் திறந்து அளந்து தடித்த புத்தகத்தில் அங்குலத்தில் எழுதுவார். அப்படிப்பட்ட புத்தகங்கள் கரையான் தின்னும் முன் யாராவது படமெடுத்து ஏற்றினால் நானே முதல் ஆளாய் உட்காருவேன். அதுவரை எனக்கு இது நாலாம் இடம்: பெரும்பாலும் ஆங்கிலம், டேட்டாவும் தண்ணீராய்ப் போகிறது.

மிஞ்சியது மழை. என் ஓட்டு இதற்குத்தான்.

செலவு ஒரு பிளாஸ்டிக் போத்தல். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும், இடுப்பு ஒடுங்கியது ஆகாது. மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல் போல் உள்ளே செருகி, அடியில் கூழாங்கல் போட்டு, போத்தலின் சுவர் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சைபர் கோடு. அதற்கு மேல் அடிமட்டத்தை, அதாவது அளவுகோலை, ஒட்டினால் தீர்ந்தது. 1 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர் தண்ணீர். நான் முதலில் வைத்தது தகரக் கூரையின் ஓரத்தில். இரண்டு நாள் தலைசுற்றும் எண்கள் வந்தன, அத்தனையும் கூரைத் தண்ணீர். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். பக்கத்துக் காம்பரா மாமி சிரித்தார்: "மழை எவ்வளவு பெஞ்சுச்சுன்னு கொழுந்து எடுத்து நனைஞ்சவளக் கேட்டா சொல்ல மாட்டேனா தம்பி?"

அளக்கிற எண் அளந்தவருக்கே உடனே உதவுவது இந்த ஒன்றில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவுகள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம், 100 என்றால் தயார், 150 என்றாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 என்றாலோ வெளியேற வேண்டும். மூன்று கோட்டையும் தங்கச்சியின் கியூடெக்ஸால் போத்தலில் போட்டேன், இஸ்தோப்பிலிருந்து டோர்ச் அடித்தாலே தெரியும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவையும் 2025 நவம்பர் டித்வா புயலையும் கண்ட மலை இது. எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவுக்கு வரும், மழையோ மலைக்கு மலை வேறு. நிலம் வெடித்தாலும், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், மரம் சாய்ந்தாலும் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, போய்விட வேண்டும்.

அறிவியலாக இதில் ஒரு பலவீனம் உண்டு. ஈபேர்டில் என் பட்டியல் உலகத்தோடு சேர்கிறது, என் மழை எண் எங்கள் வாட்சப் குழுவோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் 1997இல் ஃபோர்ட் கொலின்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கிய பிறகு, 1998இல் வீட்டுக்கு வீடு மழை அளக்கும் கோகோராஸ் தொடங்கினார்கள். ஒரே தெருவின் இரண்டு முனையில் மழை வேறுபடுவது அப்படித்தான் பதிவாகிறது. இங்கே நாலு லயம் ஒரே நேரத்தில் அளந்தாலே பாதி வேலை முடிந்தமாதிரி. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள் காலை 8.30க்கு முடிவதால் நானும் அதே நேரம்தான். மழை இல்லாத நாளில் சைபர் எழுதியே ஆக வேண்டும், கட்டம் காலியாக இருந்தால் மழை இல்லையா, மறந்துவிட்டேனா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

போன மாசம் மூன்று நாள் ஹட்டன் போயிருந்தேன், அப்பாயிதான் அளந்தது. கலண்டரில் மூன்று கட்டத்திலும் வட்டமாகப் பெரிய சைபர். ஒன்றில் மட்டும் சைபருக்குப் பக்கத்தில், கோணல் எழுத்தில், 'பனி'.